நடுவில் விட்ட இடம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்தாள். கையில் மஞ்சள் பை, பைக்குள் துணி சுற்றிய ஒரு பழைய போட்டோ. அப்பா இறந்துவிட்டாராம். காரியத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டுமாம். துணியை விலக்கியதும் எனக்கு அவள் அப்பா தெரியவில்லை. நீதான் தெரிந்தாய்.

அவர் தோளுக்கு இரண்டு பக்கமும் நீ வரைந்த மலை நின்றது. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து போகும் கல்வராயன், அடிவாரத்தில் புகை. கல்யாண மாலையோடு, புது வேட்டியில், விறைத்துப்போய் நிற்கிறார் மனிதர். பக்கத்தில் மணப்பெண். இவள் அம்மாவாக இருக்க வேண்டும்.

“அப்பாவ மட்டும் எடுத்துக்கினு, பின்னாடி கீற அழுக்கெல்லாம் தூக்கிட்டு நீலமா போட்டுக் குடுங்க சார்,” என்றாள்.

அழுக்கு என்றாள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரிம்மா என்று வாங்கி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். மனிதரை ஓரம் பிசகாமல் வெட்டி எடுக்க வேண்டும், மிச்சத்தை அழிக்க வேண்டும், நீலத்தை நிரப்ப வேண்டும். அன்றும் வெட்டி எடுத்தேன். திரையில் மிச்சம் நின்றது உன் மலை, நடுவே ஆள் வடிவத்தில் ஓர் ஓட்டையோடு. அதை அழிக்க என் விரல் வரவே இல்லை.

புள்ள, உனக்கு ஞாபகம் இருக்கும். இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் கொதித்துக் கிடந்த வருடங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு வண்டிகூட அசையவில்லை. எந்த ஊரில் குடிசை எரிந்தது, யார் வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்பதுதான் டீக்கடைப் பேச்சு. நமக்கோ நம் கவலை. ஸ்டூடியோவில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கிய தாஜ்மகால் திரை, கூரை ஒழுகி, குவிமாடம் கரைந்து வழிந்துவிட்டது. புதிதாகச் சொல்லி வைத்திருந்த காஷ்மீர் ஏரித் திரை உளுந்தூர்பேட்டையில் ஏதோ ஒரு லாரியில் மாட்டிக்கொண்டது. ஐப்பசி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டிய கையோடு மாலையைக் கழற்றாமல் ஸ்டூடியோவுக்கு வந்து நிற்பதுதான் நம் ஊர் வழக்கம். வெறும் சுவர் முன்னால் நிற்க யார் வருவார்கள்? கடையை மூடிவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“நான் வரையறேன்,” என்றாய்.

அதுவரை நீ செய்ததெல்லாம் கருப்பு வெள்ளைப் படங்களில் கன்னத்துக்குப் பஞ்சால் ரோஸ் பூசுவதுதான். நான் சிரித்தேன்.

“சிரிக்காதீங்க. ரெண்டு வேட்டிய ஒன்னா தெச்சு வாங்கிக்கினு வாங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்.”

வேட்டியில் மரவள்ளி மாவுக் கஞ்சியைத் தேய்த்து, காயவைத்து, இழுத்துக் கட்டினாய். அப்புறம் அதன் முன்னால் உட்கார்ந்தாய். உட்கார்ந்துகொண்டே இருந்தாய். காலண்டர் காஷ்மீரைப் பார்த்து வரைந்த ஏரி, எருமை இறங்கிய குட்டையாக வந்தது. அழித்தாய். திரும்ப வரைந்தாய். “எனக்கு ஒன்னுமே வரலங்க. பாக்காத ஊர எப்பிடி வரையறது?” என்று முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பாத்த ஊர வரையலாமில்ல?” என்றாய்.

அப்படித்தான் நாம் கோமுகி அணைக்குப் போனோம். உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். மரம் குறுக்கே கிடந்த இடமெல்லாம் இறங்கிச் சைக்கிளைத் தூக்கித் தாண்டினோம். “இந்தக் கலவரத்துல சுத்திப் பாக்கக் கெளம்பிட்டாங்க பாரு,” என்று மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கேலி பேசினார்கள். அணைக்கரையில் நின்று நீ மலையை விழுங்குகிற மாதிரி பார்த்தாய். வா வா என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையில்தான் வெட்டி வீழ்த்தியிருந்த ஒரு புளியமரத்தின் அருகே இறங்கினோம். அதன் இலைகள் எல்லாம் சாயங்காலத்துக்கு மூடிக்கொண்டிருந்தன, நிற்கும் மரங்களில் மூடிக்கொள்வது போலவே. நீ ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்தாய்.

“வெட்டிப் போட்டது அதுக்கு இன்னும் தெரியலங்க,” என்றாய்.

அந்தச் சொல் இப்போது என்னைப் படுத்துகிற பாட்டை நான் யாரிடம் சொல்வேன்? நீ போய் வருடம் திரும்பப் போகிறது. சாயங்காலமானால் என் கை தானாகப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து இரண்டு டம்ளரை எடுக்கிறது. எடுத்த பிறகுதான் தெரிகிறது. ஒன்றை மறுபடி கவிழ்த்து வைக்கிறேன். மறுநாளும் இரண்டை எடுக்கிறேன்.

முதலில் நீ வரைந்த மலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உதறல் எடுக்கிறது. என்ன பச்சை! பச்சையிலேயே எத்தனை பச்சை! நான் வாயைப் பிளந்து நின்றேன். முதல் ஜோடி தியாகதுருகம் பக்கத்திலிருந்து மாலையோடு நடந்தே வந்தார்கள். பெண்ணுக்கு அரக்குச் சிவப்புப் புடவை. எடுத்தேன், கழுவினேன், காயப்போட்டேன். பெண்ணின் அம்மா படத்தை வாங்கிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா சார் இது? எம் பொண்ணோட ஒடம்பு எங்க?”

கருப்பு வெள்ளைப் பிலிமுக்குப் பச்சை ஏது, சிவப்பு ஏது? மலையும் புடவையும் ஒரே சாம்பலாகக் கலந்துபோய், மலையில் ஒரு தலையும் இரண்டு கையும் முளைத்த மாதிரி நின்றாள் பெண். பஞ்சால் ரோஸ் பூசிப் பூசி உனக்கு எல்லாமே வண்ணமாகத்தான் தெரிந்தது. எனக்காவது புத்தி வேண்டாமா, பச்சையைப் பார்த்த மயக்கத்தில் நானும் மறந்தேன். கல்யாணத்தன்று பெண் உடம்பில்லாமல் நிற்பது அபசகுனம் என்று அந்த அம்மா வாய்விட்டு அழுதாள். “ரெண்டு பேரையும் மறுபடி இட்டுக்கினு வாங்க, நல்லா எடுத்துத் தர்றோம்,” என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாய்.

அன்று நீ சோறு தின்னவில்லை. மறுநாள் காலை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய். ஈர விறகு, வீடெல்லாம் புகை. திடீரென்று உன் குரல் வந்தது.

“இன்னாங்க! ஓடியாங்க, ஓடியாங்க! மல நம்ம வூட்லயே இருக்குது!”

ஓடி வந்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கன்னத்தில் தண்ணீர் வழிய, அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாய். கண் பாதி மூடியிருந்ததால் உனக்கு வண்ணம் எல்லாம் போய்விட்டிருக்கிறது. வெளிச்சமும் இருட்டும்தான் மிச்சம். மேலே கரி படிந்த இருட்டு, அதற்குக் கீழே கொஞ்சம் வெளுப்பு, அதற்கும் கீழே சாம்பல், அதன்மேல் புகை. நானும் கண்ணைச் சுருக்கினேன். சத்தியமாக அணைக்கரையில் நின்று பார்த்த மலைதான்.

பச்சை முழுவதையும் கஞ்சி பூசி மறைத்தாய். சட்டிக் கரி, சாம்பல், சுண்ணாம்பு, துணிக்குப் போடும் சொட்டு நீலம் இவ்வளவுதான். கைக்குக் கிடைத்த கந்தலால் தேய்த்தாய். அந்த அம்மா பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுபடி அழைத்து வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, “எம்மா, இது எந்த ஊரு? ஊட்டியா?” என்றாள். நீ கொஞ்சமும் கூசாமல், “ஆமாங்க, ஊட்டிதான்,” என்றாய். அவர்கள் போன பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். தினமும் கண்ணெதிரே பார்க்கிற மலையை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! எல்லாருக்கும் அது ஊட்டிதான்.

அதோடு நீ நின்றாயா? வழியெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தாய். களி கிண்டினால் கொப்பளத்தைப் பார் என்பாய். ஜவ்வரிசி காயும் களத்தில் ஒரு காக்கை நடந்தால் என் கையைக் கிள்ளுவாய். மழையில் நனைந்த எருமை முதுகுக்காக என்னைப் பஸ்ஸைத் தவறவிட வைத்தவள் நீ. நான் எடுத்த நல்ல படம் எல்லாம் நீ கிள்ளி எடுத்ததுதான். இப்போது கிள்ள ஆள் இல்லை. நான் படம் எடுப்பதும் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறேன், அது ஆதார் கார்டுக்குத் தீனி. எருமை எருமையாக நிற்கிறது, காக்கை காக்கையாக நடக்கிறது. கண்ணைச் சுருக்கினால் தண்ணீர்தான் வருகிறது.

அந்தத் திரையையாவது வைத்திருக்கக் கூடாதா நீ? கலர் படம் வந்து அதற்கு வேலை இல்லாமல் போனதும், “சும்மா சுருட்டி வச்சு இன்னா பண்றது?” என்று மாட்டுக் கொட்டகைக்குச் சாரல் மறைப்பாகக் கட்டிவிட்டாய். ஒரே மழைக்காலம். கரியும் சாம்பலும் கரைந்து சாணத்தோடு போயிற்று. உனக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்கும் அப்போது இல்லை.

இப்போது கேள். அந்த ஓட்டை மலையை அழிக்காமல் வைத்துக்கொண்டேனா, பழைய டப்பாக்களைக் கிளறி நெகடிவ்களை எடுத்தேன். தெரிந்தவர் வீடெல்லாம் போய்க் கல்யாணப் போட்டோ கேட்டேன். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். ஒவ்வொன்றிலும் ஆளை வெட்டி எடுத்தேன். ஓட்டை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடம் மாறி இருக்கும் அல்லவா? ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உன் திரை முழுசாகக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஓரமெல்லாம் கிடைத்தது. நீ தேய்த்த தேய்ப்புகூடத் தெரிந்தது. நடு மட்டும் கிடைக்கவில்லை. எல்லாரும் நடுவில்தானே நின்றார்கள்!

நடுவில் என்ன வரைந்திருந்தாய், புள்ள? வருடக்கணக்காக என் முன்னால் தொங்கிய திரை. ஒரு நாள் கொக்கு என்று தோன்றுகிறது. ஒரு நாள் ஒற்றையடிப் பாதை. மறுநாள் இரண்டும் இல்லை. உன்னைப் பற்றிய எல்லாமே இப்படித்தான் நடுவிலிருந்து ஓட்டை விழுந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உன் குரல் இருக்கிறது, சிரிப்பு எப்படி முடியும் என்பது மறந்துவிட்டது. கனவிலாவது வந்து சொல்லித் தொலையேன் என்று உன் படத்தின் முன்னால் கத்தினேன். பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டார்கள்.

சட்டம் போட்ட படத்தை வாங்க அந்தப் பெண் வந்தாள். அப்பாவை நீலத்தில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த ஓட்டை மலையைப் பார்த்தாள்.

“இது இன்னா சார், எங்க ஊரு மல மாதிரி இருக்குது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எந்த ஊரும்மா?”

“அணைக்கட்டுகிட்டதான் எங்க வூடு. காலைல பால் கறக்கறப்ப தெனம் பாப்பேனே!” என்றாள். “இதையா நான் அழுக்குன்னேன்?”

இத்தனை வருடத்தில் முதல் ஆள். நீ இல்லாமல் போய்விட்டாயே.

மறுநாள் விடிந்ததும் கச்சிராயபாளையம் பஸ் ஏறினேன். ரோட்டில் அந்தப் புளியமரங்கள் இல்லை. அணைக்கரையில் நீ நின்ற இடத்தைத் தேடி நின்று கண்ணைச் சுருக்கினேன். ஓரத்தில் நீ போட்ட சரிவு அப்படியே இருந்தது. நடுவைப் பார்த்தேன். இரண்டு மலை விலகும் இடத்தில் பனி வெள்ளையாகக் கிடந்தது. வேறொன்றும் இல்லை. கொக்கும் இல்லை, பாதையும் இல்லை.

அப்போதுதான் உன் கை ஞாபகம் வந்தது. எண்ணெய்த் தலைகள் சாய்ந்து திரையின் நடுவில் கறை படியும். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே சாம்பலைத் தேய்ப்பாய். வெள்ளையாகத் தேய்ப்பாய். இங்கே ஏதாவது வரையேன் என்று ஒருமுறை கேட்டதற்கு நீ சொன்னதும் காதில் கேட்டது.

“அது வர்றவங்களுக்கு வுட்ட எடம். நான் எதுனா வரஞ்சி வச்சா அவங்க எங்க நிப்பாங்க?”

அதாவது அங்கே ஒன்றுமே இல்லை. ஊரெல்லாம் அலைந்து நான் தேடியது நீ வேண்டுமென்றே காலியாக விட்டதை. அணைக்கரையில் உட்கார்ந்து அழுதேன். ஊரே வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டுப் போனது. நீ ஒரு நாளும் நின்றதில்லை. விளக்கைத் திருப்பவும் மாலையைச் சரி செய்யவும் நீ ஓரத்தில் நின்றாய், நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

மீன் வறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா பெரியவரே, ஒரு ஓரமா போயி நிக்கிறீங்க? நடுவுல வாங்க. இந்தப் பக்கம் எடம் சும்மா கெடக்குதில்ல?”

நெருங்கி நில்லுங்க, நடுவுக்கு வாங்க என்று வாழ்நாளெல்லாம் ஊராரைப் பார்த்துக் கத்தியவன் நான். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் நகரவில்லை.

“இருக்கட்டும்மா. இப்பிடியே எடு,” என்றேன்.