நூறு எம்எம் வட்டம்

இன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்முன் உன் பச்சை சோப்பு டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் பாதி காய்ந்திருந்தது. குழாயில் நனைத்துப் பிழிந்து, மூடியில் நீ துளைத்த எட்டு ஓட்டைகளும் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கிட்டாரின் வயிற்றுக்குள் திரும்ப வைத்தேன். கிட்டார் பெட்டியை மூடும்போது பலா மரத்தின் வாசனை ஒரு மூச்சு வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த வேலையை இப்போது நான் ஒரு நாள்கூட விடுவதில்லை. விடக் கூடாத நாட்களில் விட்டுவிட்டேன். அதை உன்னிடம் நேராகச் சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன்.

துபாய் அல் குசைஸில் நம் ஜாய்னரி ஷெட்டில் நீ கதவும் அலமாரியும் செய்கிறவன், நான் அவற்றுக்குப் பாலிஷ் போடுகிறவன். அதோடு இருந்திருக்கலாம். ஒரு பிலிப்பினோ மெஷின்காரன் தன் உடைந்த கிட்டாரைக் குப்பையில் போடும்முன் உன்னிடம் காட்டினான். நீ அதை ஒட்டிக் கொடுத்தாய். பிறகு போனில் பார்த்துப் பார்த்து, ஹோட்டல் கதவுகளில் மிஞ்சிய துண்டுகளை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி, நீயே ஒன்று செய்தாய். பார்க்க கிட்டார்தான், சத்தம் மட்டும் அலமாரிக் கதவு. அதை நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது கிட்டாரை அந்த பிலிப்பினோ மீட்டியபோது நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று என் பங்கு பரோட்டாவையும் எடுத்துச் சாப்பிட்டாய், அது நியாயம் என்பதுபோல.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் தேடி வந்தார்கள். யார் வந்தாலும் முதலில் அவர்களுடைய இடது கையைப் பிரவுன் பேப்பரில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைவாய். கைக்குத் தகுந்தாற்போல் கழுத்துக் கட்டையின் பருமன். "சட்டைக்கு அளவு எடுக்கான், செருப்புக்கு எடுக்கான், இதுக்கு எடுக்காண்டாமா?" என்பாய். உன் கட்டிலுக்கு மேலே சுவரில் வரிசையாகக் கைகள் ஒட்டியிருந்தன. புதிதாக ரூமுக்கு வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

ஒரு நாள் லீவு முடிந்து வந்த உன் ஊர்க்காரர் நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு நோட்டுத் தாளையும் கொடுத்தார். உன் மகள் தன் கையை வரைந்து அனுப்பியிருந்தாள். நீ அதன்மேல் உன் கையை வைத்துப் பார்த்தாய். விரல் நுனிவரை சரியாக இருந்தது. "அளவு எடுத்திருக்கவே வேண்டாம் கேட்டியா, எனக்க கையேதான்," என்றாய். உனக்கு ஆள் உயரமே தவிர, கை சின்னது. அதை வைத்து நான் உன்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. உன் பதிலும் மாறாது. "ஒனக்க கை மம்பட்டி. அத வச்சிட்டு கிட்டாருக்க வயித்துக்குள்ள போவ முடியுமாலே?"

உண்மைதான். வந்த கிட்டார்களில் விரிசல் விட்டவை பல. நம் ரூமில் நாள் முழுக்க ஏசி. வெளியே ஆகஸ்டில் மூச்சுவிட்டால் நனையும், உள்ளே உதடு வெடிக்கும். மரத்துக்கும் அதே கதிதான். ஏசியில் காய்ந்து காய்ந்து ஒருநாள் மேல்பலகை ரேகையோடு பிளந்துவிடும். நீ அவசரப்பட மாட்டாய். "மொதல்ல வெள்ளம் காட்டு. அது தானா கூடி வரும். கூடினப்பொறவு ஒட்டு," என்பாய். வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் வீட்டையே அடித்துக்கொண்டு போவது என்று நான் சிரிப்பேன். சோப்பு டப்பா ஸ்பாஞ்ச் ஒரு வாரம் உள்ளே இருந்தால் விரிசல் மயிரிழையாகிவிடும். அப்புறம் நகம் அளவுக்கு நறுக்கிய மரச்சில்லுகளில் பசை தடவி, வட்ட ஓட்டைக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு, விரிசலுக்கு அடியில் ஒவ்வொன்றாக ஒட்டுவாய். கண்ணுக்குத் தெரியாத இடம். எல்லாம் விரலுக்குத்தான் தெரியும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மகளுடையதைச் செய்ய உனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஒரு மலையாளி ஓட்டலை இடித்தபோது கிடைத்த பலாப் பலகை முதுகுக்கும் பக்கங்களுக்கும். மேல்பலகையை மட்டும் வெளிநாட்டு மரத்தில் வரவழைத்தாய். அதை இழைப்பதும், காதோரம் பிடித்துத் தட்டுவதும், திரும்ப இழைப்பதுமாக ஒரு மாதம். ஒருநாள் தட்டிவிட்டு உளியைக் கீழே வைத்தாய். "கலாஸ், முடிஞ்சு. இனி தொடப்பிடாது," என்றாய். எனக்கு முந்தின தட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

பாலிஷ் மட்டும் பாக்கி. அது என் வேலை. ஓவர்டைம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த வாரம்தான் நீ மெஷினுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்து, "ஸ்பாஞ்ச் நனைச்சியாலே?" என்று கேட்டாய். நனைத்தேன் என்றேன். அன்று நனைத்துத்தான் இருந்தேன். நீ கடைசியாகப் பேசியது அதுதான்.

பிறகு பதினோரு நாள். உன்னை ஊருக்கு அனுப்பக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் நின்றேன். ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், மறுபடியும் ஆஸ்பத்திரி. உன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு கவுண்டரிலும் உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஒரு தாளைக்கூட மறக்கவில்லை. கார்கோவில் உன்னை ஏற்றிவிட்டு ரூமுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்ச் ரஸ்க் மாதிரி காய்ந்திருந்தது. வட்டத்தின் விளிம்பிலிருந்து அடிவரை மேல்பலகை பிளந்திருந்தது. பாலிஷ் ஏறாத வெறும் மரம் எத்தனை நாள் தாங்கும்? உன்னைப் பெட்டியில் மூடியபோதுகூட அழாதவன் அன்று அழுதேன்.

நீ சொன்னதுபோல் தண்ணீர் காட்டினேன். மூன்றாவது வாரம் கூடிவந்தது. ஆனால் ஒட்ட வேண்டுமே. என் கை விரல் கணுக்களைத் தாண்டவில்லை. பலவந்தம் செய்தால் விளிம்பே உடையும். ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். மேல்பலகையையே மாற்றிவிடலாம் என்றான் அந்த ஆள். நீ ஒரு மாதம் தட்டிப் பார்த்த பலகை. பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் தகர டப்பாவில் நறுக்கி வைத்த சில்லுகள் இருக்கின்றன, பசை இருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாலிஷ்கூடப் போட முடியாது, விரிசலை ஒட்டாமல் பாலிஷ் போட்டால் அது விரிசலுக்குள் போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உன் மகளிடம் ஏழு மாதமாகப் பொய் சொன்னேன். எப்போது கேட்டாலும், பாலிஷ் காய்கிறது என்றேன். எந்த பாலிஷ் ஏழு மாதம் காயும்? கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அவளுக்குத் தெரியாதா? அடுத்த மாதம் எனக்கு லீவு. கையில் கிட்டாரோடு உன் வீட்டு வாசலில் நின்று சொல்கிற தைரியம் வராது என்று தோன்றியது. போன ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டாரைத் தூக்கி விரிசலைக் காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள்.

"அப்பா இருந்தா என்ன செய்வாங்க மாமா?"

சொன்னேன். சில்லு, பசை, வட்டத்துக்குள் கையை விடுவது. "மாமா கை உள்ள போகலம்மா," என்றேன். அதைச் சொல்லும்போது ஏனோ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அந்த ஓட்டை எவ்வளவு பெருசு மாமா?"

"நூறு எம்எம்."

போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். பழைய காலண்டர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஸ்கேல் வைத்து அளந்து, காம்பஸால் வட்டம் போட்டு, கத்தரியால் வெட்டினாள். விளிம்பில் பிசிறு இருந்ததை நகத்தால் சுரண்டினாள். நீயும் அப்படித்தான் சுரண்டுவாய். பிறகு அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையைக் குவித்து உள்ளே விட்டாள். மணிக்கட்டுவரை போனது. அந்தப் பக்கம் உன் விரல்கள் அசைந்தன.

"கை உள்ள போயிட்டு மாமா. பொறவு என்ன செய்யணும்?"

எத்தனை கிட்டாருக்கு நான் டார்ச் பிடித்திருப்பேன். உள்ளே உன் கை என்ன செய்தது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எவ்வளவு பசை, எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம் பிடித்திருக்க வேண்டும், எதுவும் தெரியாது. நீ கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடிப்பாய், அது மட்டுமே எனக்குத் தெரியும்.

"தெரியாதும்மா," என்றேன்.

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. நானும் போனை வைக்கவில்லை.

லீவுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதுவரை காலையில் ஸ்பாஞ்சை நனைத்து வைக்கிறேன். நீ கேட்டால் சொல்ல என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நனைத்தேன்.