பழைய பெட்ரோலும் மாற்றுச் சாவியும்

இன்று காலை ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் ஊற்றக் கேனைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தபோது ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் வீட்டுச் சாவி. மாடியில் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தேன். இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உனக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்த வாடையும் அந்தச் சாவியும் ஒன்றாகச் சேர்ந்தபின் வேறு யாரிடம் இதைச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் அண்ணன் தேனி வீட்டை விற்றபோது உன் படகு மோட்டாரைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனார். "கடலே இல்லாத ஊர்ல இத யாரு வாங்குவா? நீங்களே வச்சுக்கங்க" என்றார். வண்டி நிறுத்தும் கொட்டகையில், நீ செய்வித்த மரச் சட்டத்தில், அது நிமிர்ந்து நிற்கிறது. மாதம் ஒருமுறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் இறக்கிச் சற்று நேரம் ஓட்டுகிறேன். பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சமிருப்பதைக் குடித்து அது தானாக நிற்கும்வரை காத்திருக்கிறேன். மோட்டாருக்கான பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; கலக்காமல் கேனில் மீந்தது ஸ்கூட்டருக்குப் போகிறது. எல்லாம் நீ வைத்த முறை. படகு இல்லாத மோட்டாருக்கு எதற்கு இந்தப் பணிவிடை என்று யாராவது கேட்கலாம். நல்லவேளை, யாரும் கேட்பதில்லை.

ஒரே கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியை, நீ விலங்கியல். வைகை அணையின் நீரை மாதாமாதம் எடுத்துச் சோதிக்கும் வேலை நம் இருவர் தலையிலும் விழுந்தபோது நான் முணுமுணுத்தேன், நீ படகு தேடினாய். பழைய மோட்டார் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி வந்தாய். ஏன் என்று கேட்டேன். "அம்மா வீட்டுக்குள்ள, நான் ஊருக்குள்ள. இதுலயாச்சும் கொஞ்ச தூரம் போயிட்டு வாரேன்டி" என்றாய்.

உன் அம்மாவுக்கு நினைவு கலைந்திருந்த காலம் அது. கதவு திறந்திருந்தால் தெருவில் இறங்கிவிடுவார்கள். ஒருமுறை மயிலாடும்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டக்டர் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு நீ பூட்டத் தொடங்கினாய். ஜன்னலோரம் நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், தட்டில் சோறு, அடைத்த கேஸ் ரெகுலேட்டர். பிறகு வெளியிலிருந்து பூட்டு. சாவி உன் ஜாக்கெட்டுக்குள். இருந்த ஒரே சாவி அதுதான். அணைக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவாய். அதற்குமேல் தங்கியதே இல்லை.

அந்த ஆடி மாதத்துக் காலை உனக்கும் மறந்திருக்காது. கோடையில் அணை வற்றிப் படகு கரையில் கவிழ்ந்தே கிடந்தது. பாதிக் கேன் பெட்ரோல் உன் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. சித்திரை வெயிலில் கேன் வீங்கியதைப் பார்த்து, "வெடிச்சுத் தொலைக்கப் போகுது" என்று மூடியைத் தளர்த்தி வைத்தாய். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அப்புறம் சாரல் காலம் வந்தது. கம்பத்துப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று பின்கட்டு வரை நுழைந்தது. பகலில் சூடேறி வெளியே மூச்சுவிட்ட கேன், இரவில் குளிர்ந்து அந்த ஈரத்தை உள்ளே இழுத்தது.

கரையில் நின்று அந்தப் பழைய பெட்ரோலைத் தொட்டியில் கவிழ்த்து, அதன் மேலேயே புதியதை ஊற்றினாய்.

"ரெண்டையும் கலக்கலாமா?" என்றேன்.

"பழைய மாவோட புது மாவு சேத்தா நல்லாப் பொங்கும்ல, அதுமாதிரிதான்."

"நீ மாவாட்டுற லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்."

"ஆத்தா, பேசாம ஏறு."

ஏறினேன். போகும்போது மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடியது. நீர் எடுத்து முடித்துத் திரும்பும் நேரத்தில் காற்று கூடியது, அலை தூக்கிப் போட்டது. தொட்டி குலுங்கி, அடியில் கிடந்தது மேலேறியிருக்க வேண்டும். மோட்டார் இருமியது, நின்றது. நீ கயிற்றை இழுத்தாய். மறுபடி இழுத்தாய். இருந்தது ஒரே துடுப்பு. நாம் ஏறிய கரை பின்னால் போக, காற்று நம்மை அணைச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. தூரத்தில் ஒரு பரிசல்காரர் கையை ஆட்டினார். அந்தக் காற்றை எதிர்த்து அவரால் வர முடியவில்லை.

உன் பக்கத்து வீட்டு அக்காவின் போன் வந்தது அப்போதுதான். காற்று இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாய்.

"எங்கன இருக்க? அம்மா கதவத் தட்டிக்கிட்டே இருக்காக. தட்டு கீழ கெடக்கு. என்னையப் பாத்து யாருன்னு கேக்குறாக. பூட்ட ஒடைக்கச் சொல்லவா?"

"வேணாம்க்கா. ஒடைக்கிற சத்தத்துல பயந்துருவாக. வந்துட்டேன்னு சொல்லுங்க."

வந்துவிடவில்லை. நடு நீரில் இருந்தாய். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாய். நீந்திப் போய்விட முடியுமா என்பதுபோல் கரையைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு அச்சமாக இருந்தது.

நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து அணையிலேயே கொட்டினேன். "என்னடி பண்ற? சாம்பிள்" என்றாய். தொட்டியின் பெட்ரோலைப் புட்டியில் பிடித்து முழங்காலுக்கிடையில் அசையாமல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே தெளிந்த பெட்ரோல். அடியில் கலங்கிய ஒரு பட்டை. பெட்ரோலில் கலந்து விற்கும் எத்தனால் ஈரத்தைக் குடித்து, கொள்ளுமளவு குடித்தபின் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய் உட்கார்ந்துவிடும். வகுப்பில் வருடந்தோறும் நான் சொல்வதுதான். வகுப்பில் அது யாரையும் எங்கேயும் நிறுத்தி வைத்ததில்லை.

புட்டி புட்டியாகப் பிடித்தோம். தெளிந்ததைத் தனியே வடித்தேன். கலங்கலை நீரில் கொட்ட நீ விடவில்லை. புட்டிகளில் அடைத்து வைத்தாய். கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி உள்ளே தேங்கியதை வழியவிட்டாய். பெட்ரோல் ஈரத்தில் வழுக்கித் திருகு கீழே விழுந்து பலகை இடுக்கில் போய், அதைத் தேடியதுதான் எல்லாவற்றிலும் நீண்ட நேரம். வடித்த பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தபோது மோட்டார் ஒருமுறை ஏமாற்றி, பிறகு ஓடியது.

வீட்டுக்கு நானும் வந்தேன். கதவைத் திறந்ததும் உன் அம்மா உன்னை முகர்ந்து பார்த்து, "ஏண்டி, எந்த மோட்டார் ரூம்புல கெடந்த? பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்றார்கள். அவர்களுடைய உள்ளங்கைகள் சிவந்து வீங்கியிருந்தன. நீ அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "கேனத் தொறந்து வச்சேன், அம்மாவப் பூட்டி வச்சேன். ரெண்டையும் மாத்திச் செஞ்சிருக்கேன்டி."

மறுநாள் மாற்றுச் சாவி செய்து என் கையில் திணித்தாய். கேனுக்கும் விதிகள் வந்தன. நிழலில் இருக்க வேண்டும். கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். மூடி இறுகியிருக்க வேண்டும். பழையதன் மேல் புதியது ஊற்றக் கூடாது. ஆயில் கலப்பது படகில் ஏறும் காலையில் மட்டும். ஆனாலும் பூட்டுவதை நீ விடவில்லை. விட வழியில்லை. நீ கிளம்பும் நாளில் நான் போய்த் திறந்து உன் அம்மாவோடு உட்கார்ந்திருப்பேன். நான் உன்னோடு வந்தால் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் போகும். அவ்வளவுதான் மாறியது.

அம்மா போனபின் நீ எங்கேயாவது போவாய் என்று நினைத்தேன். இராமேஸ்வரம் பக்கம் கடலில் இந்த மோட்டாரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்குள் உன் உடம்பு உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டது. அங்கிருந்து நீ திரும்பவில்லை. நாற்காலியை மட்டும் ஜன்னலோரத்திலிருந்து உன் அண்ணன் எடுத்துப் போனார்.

இப்போது என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது என் அப்பா. சொந்த ஊரான கோம்பைக்குப் போக வேண்டும் என்கிறார். அங்கே இப்போது எங்களுக்கு வீடில்லை என்றால், "ஒனக்குத் தெரியாது" என்கிறார். தெருமுனைவரை போய்விட்டவரை இரண்டு முறை திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். அதிலிருந்து நானும் வெளியே போகும்போது பூட்டுகிறேன். இன்று மதுரையில் விடைத்தாள் திருத்தும் வேலை. பெட்ரோலை ஊற்றிக் காலிக் கேனை இறுக மூடினேன். சாவிக்கொத்தைப் பார்த்தேன். என் வீட்டின் இரண்டு சாவிகளும் அதிலேயே இருந்தன. கொடுப்பதென்றால் நான் உன்னிடம்தான் கொடுத்திருப்பேன். வேறு யாரையும் நான் அந்த அளவுக்குப் பழகி வைத்துக்கொள்ளவில்லை.

மேலே ஏறி எதிர்வீட்டு மணியை அடித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. "என்னக்கா?" என்றாள். சாவியை நீட்டி, "அப்பா உள்ள இருக்காக. கதவத் தட்டுனா தொறந்து, கொஞ்சம் கூட இருக்க முடியுமா?" என்றேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "நீங்க போனப்புறம் தட்டுறாக, எனக்குக் கேக்கும்க்கா. நீங்க சொன்னதே இல்லன்னு சும்மா இருந்தேன்" என்றாள்.

நான் பூட்டைத் திறக்கவில்லை. அது பூட்டியே இருக்க, படியிறங்கி வந்து வண்டியை எடுத்தேன். கொத்தில் இப்போது ஒரு சாவி குறைந்திருக்கிறது. உன் வீட்டுச் சாவி அதிலேயே தொங்குகிறது. அங்கே கதவையே மாற்றிவிட்டார்கள் என்று தெரியும்.