திரைக்குப் பின்னால் ஒரு கை

மார்ச் 12, 1974
ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீட்டில் ஒரு சுவரைக் காணோம். மாநிலத்துக்கென்று தனியாகத் தொழிலாளர் கட்சி தொடங்கியிருக்கிறார்களாம். கூட்டம் போடக் கூடம் போதவில்லையென்று படுக்கையறைச் சுவரை இவர் இடித்துவிட்டார். கட்சி பிறந்ததும் என் தூக்கத்தில்தான் கை வைத்திருக்கிறது. கட்டிலுக்கு முன்னால் ஒரு சிவப்புத் திரை. கொடிக்கு வாங்கிய துணியில் மிச்சம்.

ஏப்ரல் 7
ஞாயிறு. வெயில் திரை வழியாக வந்து என் கால், தலையணை, கனவு எல்லாம் சிவப்பு. அந்தப் பக்கம் ஆலைத் தொழிலாளர்கள். டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்பதற்குக்கூட இவர்களுக்கு ஓட்டெடுப்பு. கைகள் எழும்போது சட்டைகள் உரசுகின்றன, மழைக்கு முன் மரம் அசைவது போல. பிறகு எண்ணும்வரை அமைதி. விழித்துப் பார்த்தால் என் கையும் மேலே இருக்கிறது.

மே 20, 1977
தேர்தலில் நம் கட்சியில் நான்கு பேர் ஜெயித்துவிட்டார்கள். ஆட்சியிலும் பங்கு உண்டாம். என் கட்டிலில் யாரோ இருவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதேன். எனக்கென்ன வந்தது? நான் உறுப்பினர்கூட இல்லை.

பிப்ரவரி 18, 1979
ஆலையில் வேலைநிறுத்தம். ஆட்சி அதைத் தடை செய்துவிட்டது. நாம் ஆட்சியை விட்டு வெளியே வருவதா, வேண்டாமா? ‘கொஞ்சம் பொறுத்துப்போனாத்தான் ஏதாவது செய்ய முடியும்’ என்கிறார் இவர். வெளியே வருவோம் என்பவர்கள் கை தூக்கினார்கள். சட்டைகள் உரசின. நானும் தூக்கினேன் — இந்த முறை நன்றாக விழித்துக்கொண்டு.
ஒரே ஒரு கையில் தோற்றுப்போச்சு. என் கையை யாரு எண்ணுனாங்க? யாராவது கேட்டாங்களா?

மார்ச் 4
கூட்டத்துக்கு ஆலைக்காரர் ஒருவரும் வரவில்லை. வார்டில்தான் ஒருவரைப் பார்த்தேன், தடியடியில் மண்டை உடைந்து. கட்டுப் போடும்போது இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு, “அண்ணனை விசாரிச்சேன்னு சொல்லிடாதீங்க அண்ணி” என்றார். சொல்லவில்லை.

நவம்பர் 9, 1981
தேர்தலில் நால்வரும் தோற்றார்கள்.

ஜூன் 3, 1982
இப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை. வந்தால் கூடம் நிறையச் சட்டைகள், உள்ளே ஆளில்லை.

ஆகஸ்ட் 14, 1983
மிச்சம் இருப்பது இவரும், முதல் கூட்டத்திலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் ஒருவரும். கட்சியைக் கலைத்துவிடலாம் என்கிறார் இவர். கூடாது என்கிறார் அவர். ஆளுக்கொரு கை, முடிவாகவில்லை. இவர் வந்து திரையை விலக்கினார்.
“உன்னை உறுப்பினரா சேர்த்துக்கிட்டா முடிவு பண்ணிடலாம்.”
“இத்தனை வருஷம் ஏன் கேக்கல?”
“நீ தூங்கிட்டிருந்தியே.”
வேலைநிறுத்தத்தின்போது இந்தப் பக்கம் என் கை எழுந்ததைச் சொன்னேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.
இப்போதுதான் முதன்முதலாக என்னைக் கேட்கிறார்கள். உடனே கடையை மூடச் சொல்ல மனசு வரவில்லை. கலைக்கக் கூடாதென்று கை தூக்கினேன். அடுத்தது என் தீர்மானம்: சுவர் வேண்டும். மூன்று கைகளும் எழுந்தன.

ஆகஸ்ட் 28
கொத்தனார் பூச்சு வேலையை முடித்துவிட்டார். அறைக்குள் ஈரச் சிமெண்ட் வாசனை. வெயில் வெள்ளையாக விழுகிறது. கூட்டம் இனிச் சமையலறை மேஜையில். படுத்துக்கொண்டு காது கொடுத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை. இனித் தூங்கிக்கொண்டே கை தூக்க முடியாது.
எழுந்து போனேன். டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்பதற்கு எனக்காகக் காத்திருந்தார்கள்.