உயிலுக்கும் பவருக்கும் நடுவே

1943 ஆகஸ்டு 4
நூல் கிடைக்கவில்லை. நாலு தறியில் ஒன்றுதான் ஓடுகிறது. மகள் குஞ்சம்மாளுக்கு முன்பல் விழுந்தது. கூரைமேல் எறிந்துவிட்டு வந்து சிரித்தாள்.

பினாங்கிலிருந்து அவருடைய கடைசிக் கடிதம் வந்து இருபத்தொரு மாதம். ஜப்பான்காரன் நுழைந்த பிறகு தபாலே கிடையாது.

கொழுந்தனார் வீரபாகு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கெணத்துக் காட்டக் குடுத்தரலாம்னு இருக்கறேனுங்க அண்ணி. அந்தப் பணத்துல நூல் யாபாரம் பண்ணுனா பொழச்சுக்கலாம்."

கிணற்றோடு இருக்கிற எங்கள் சோளக்காடு அது. யார் காட்டை யார் கொடுப்பது? என் வீட்டுக்காரர் பினாங்கு ஜவுளிக்கடையில் பத்து வருஷம் நின்று சம்பாதித்து வாங்கியது. அவரைக் கேட்காமல் எப்படி என்றேன். "அண்ணந்தான் எனக்குப் பவர் எழுதிக் குடுத்திருக்குதே" என்றார்.

கொடுத்தார்தான். ஐந்து வருஷம் முன்பு, கடைசித் தடவை கப்பலேறப் போகும்போது. வரி கட்ட ஒரு ஆள் வேண்டாமா என்றார்.

ஆகஸ்டு 11
தம்பி குமாரசாமியை ஆட்டையாம்பட்டியிலிருந்து வரவழைத்து, துணைக்குக் கூட்டிக்கொண்டு சேலம் போனேன். கரியில் ஓடுகிற பஸ், வழியில் இரண்டு தடவை நின்றது.

மருதாசலம் வக்கீல்தான் அவருக்குப் பவர், உயில் இரண்டு பத்திரமும் எழுதியவர். பவரின் நகலை என்னிடமே கொடுத்தார். எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவியது. நாலாவது வரியில், 'விற்கவும், கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும்.' வரி கட்டத்தானே என்றேன். "எல்லா அதிகாரமும் ஒண்ணா இருக்கட்டும்னு அவரே சொன்னாரம்மா."

உயிலும் வக்கீலிடம்தான் இருக்கிறது. காடு எனக்கும் குஞ்சம்மாளுக்கும். அப்படியிருக்க எப்படி விற்கலாம்?

"உயில் அவர் காலத்துக்கு அப்புறந்தாம்மா. பவர், அவர் உயிரோட இருக்கற வரைக்கும். அவருக்கு ஒண்ணு ஆயிட்டா பவர் வெறுங்காகிதம்."

பவரை ரத்து செய்ய என் வீட்டுக்காரர் ஒருவரால்தான் முடியுமாம். அவர் இல்லை என்று கோர்ட்டு சொல்வதற்கு ஏழு வருஷம் சேதி இல்லாமல் இருக்க வேண்டுமாம்.

ஆக, அவர் இருந்தால் காடு போகும். காடு இருக்க வேண்டுமென்றால் அவர் — எழுத மாட்டேன்.

ஆகஸ்டு 12
எந்தக் கடவுளிடம் என்னவென்று வேண்டிக்கொள்வது?

ஆகஸ்டு 20
நெய் வியாபாரி சின்னுசாமி காட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாங்குகிறவர் அவர்தான். "பவர் குடுத்தவரு சீமையில நல்லா இருக்கறாருங்களா?" என்று கொழுந்தனாரைக் கேட்டார். "சவுக்கியமா இருக்குதுங்க" என்று இவர் பார்த்துவிட்டு வந்ததுபோலச் சொன்னார்.

நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். சின்னுசாமி என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "அம்மணி பொட்டோட இருக்கறாங்க. அது போதுங்க எனக்கு."

வக்கீல் சொன்ன கோர்ட்டு எங்கேயோ இருக்கிறது. இங்கே கோர்ட்டு என் நெற்றிதான்.

ஆகஸ்டு 23
கொழுந்தனார் எனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தார். அவர் பெண்டாட்டிக்குக்கூட இதுவரை வாங்கியதில்லை. "அண்ணன் பக்கத்துல இல்லாத கொறை தெரியாம வெச்சுக்கங்க அண்ணி." வைத்துக்கொண்டேன். தலை முழுக்க எரிந்தது.

ஆகஸ்டு 30
செப்டம்பர் 9, வியாழக்கிழமை ரிஜிஸ்தர்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நினைப்பில்தான் எழுந்திருக்கிறேன், தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன், சோறு தின்கிறேன். இந்தப் பொட்டை நான் வைப்பது அவருக்காக. அதை வைத்துக் காட்டை விற்பது அவர் தம்பி. காடு போய்விட்டால் குஞ்சம்மாளை எதைக் காட்டிக் கட்டிக் கொடுப்பேன்? இந்த வீட்டில் தார் சுற்றிக்கொண்டே கிடப்பாள், என்னைப் போல.

செப்டம்பர் 3
ஆட்டையாம்பட்டிக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். தாலி இழந்தவளுக்கு வெள்ளைக் கோடி பிறந்த வீட்டிலிருந்துதானே வர வேண்டும். அதனால்தான் அவனிடம் போனேன்.

"பயித்தியமாக்கா உனக்கு? மாமன் வந்து நின்னா என்ன பண்ணுவே?"

"வந்து நிக்கட்டும் சாமி. அதவிட என்ன வேணும் எனக்கு?"

வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேலும்தான். தன் தம்பி மேல் அத்தனை பிரியம் இருந்தாலும் நாலாவது வரியை வாசித்துப் பார்க்கக்கூடாதா?

செப்டம்பர் 8
ஆகிவிட்டது.

செப்டம்பர் 9
நேற்றுக் காலையில் தம்பி கோடி கொண்டுவந்தான். குளித்து, கட்டிக்கொண்டு, வெறுங்கழுத்தோடு வாசலுக்கு வந்தேன். அவர் போய்விட்டார் என்றேன். யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எந்தப் பெண் பொய் சொல்வாள்? அவரைப் பெற்ற அத்தை மாரக்காள் என்னைப் பார்த்த இடத்திலேயே விழுந்தாள். "எஞ்சாமி போயிட்டியா" என்று அவள் அழுததைக் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் பாவி.

கொழுந்தனார் மட்டும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும். தெரியும் என்று யாரிடம் சொல்வார்? சின்னுசாமி துக்கம் விசாரித்துவிட்டு, கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 23
கருமாதி. தர்ப்பையில் அவரைப் போல ஒன்று செய்து எரித்தார்கள். ஊருக்கே சோறு. எனக்கும் ஒரு இலை போட்டார்கள். சாப்பிட்டேன், பசித்தது.

1944 ஜனவரி 15
பொங்கல். எதிரில் வந்த பெண்கள் நான் வருவதைப் பார்த்துச் சந்துக்குள் திரும்பிக்கொண்டார்கள். காட்டில் சோளம் நன்றாக வந்திருக்கிறது.

1945 செப்டம்பர் 2
சண்டை முடிந்துவிட்டதாம். குஞ்சம்மாள் கேட்டாள்: "அம்மா, அப்பா செத்த ஊரு எது?"

1946 மார்ச் 6
அவருடைய கையெழுத்து. தபால்காரர் என் சேலையைப் பார்த்துவிட்டு, கவரையும் பார்த்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். பிடுங்கிக்கொண்டேன். இருக்கிறார். இருக்கிறார். கப்பலுக்குக் காத்திருக்கிறார்.

இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 12
நாகப்பட்டினத்தில் இறங்கி வந்துவிட்டார். பாதி ஆளாகியிருக்கிறார். வாசலில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் போனார். கருமாதி முடிந்தவளுக்கு மறுபடி தாலி கிடையாது என்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டாள். அவர் மறுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 15
மருதாசலம் வக்கீல் ஆள் அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் பவருக்கும் உயிர் வந்துவிட்டதாம். உடனே ரத்து செய்யச் சொல்கிறார். அதை என் தம்பிதான் அவரிடம் எடுத்துச் சொன்னான். என்னிடம் அவர் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 17
பவரை ரத்து செய்ய, ரிஜிஸ்தர் ஆபீசில் இன்னார்தான் இவர் என்று அடையாளம் சொல்ல இரண்டு பேர் வேண்டும். தம்பி ஒருவன். இன்னொருவருக்காக மூன்று வீடு ஏறி இறங்கினோம். கருமாதிச் சோறு தின்றவர்கள், எப்படி வருவார்கள்? வக்கீல் என்னையே நிற்கச் சொன்னார்.

அதிகாரி கேட்டார். "பேரு?"

"உண்ணாமலைங்க."

"பத்திரம் எழுதறவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

அதிகாரி பேனாவைத் தூக்கிக்கொண்டு என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். எதிரில் நிற்கிற மனிதரையும் பார்த்தார். "அம்மா, விதவைன்னு எழுதறதா, மனைவின்னு எழுதறதா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

"சம்சாரம்னு எழுதுங்க" என்றார் அவர்.

வந்து ஐந்து நாள் ஆகிறது. என்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.