மழைக்கு நின்ற கப்பலும் நான் சொல்லியனுப்பிய பொய்யும்

என் பாசமுள்ள ஐயாவுக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'நான் சுகம்' என்று தொடங்கி, சீமைக் குளிரைப் பற்றி நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவேன். எட்டு வருஷமும் அப்படியே போயிற்று. எழுத வேண்டியதை எழுத உங்களுக்குத் திவசம் வரவேண்டியிருந்தது.

மூன்று கிழமை லீவில் வந்திருக்கிறேன் ஐயா. திரும்பிப் போகிற கப்பல் திருகோணமலையில் தேயிலை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. நான் முதன்முதல் சீமைக்குப் போன அன்றைக்கும் அப்படி ஒரு தேயிலைக் கப்பல்தான், நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படை டொக்கியார்டை விட்டுப் போன அடுத்த வருஷம். வேலை போய் நான் வீட்டில் சும்மா இருந்து, சீமையில் ஒரு கப்பல் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றர் வேலை கிடைத்தபோது, உங்களுக்குச் சந்தோஷமா கவலையா என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் நேரே அலுமாரியைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தீர்கள்.

கப்பல் புதன்கிழமை. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை வடக்கு. ஆகவே நான் திங்கட்கிழமை காலையிலேயே வீட்டை விட்டு வெளிக்கிட்டு, கப்பல் போகும்வரை வேறெங்காவது நிற்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எங்கே நிற்பது என்பதில்தான் நமக்குள் சண்டை.

"சொந்தத்தில வீடு இருக்க லோட்ஜில நிக்கிறதோ? பெரியம்மா என்ன நினைப்பா?" என்று கேட்டீர்கள். பெரியம்மா வீடு பட்டணத்தின் மறுகரையில். ஆறு பெண் பிள்ளைகள், ஒரே கிணறு. நான் துறைமுக வாசலுக்குப் பக்கத்து லோட்ஜில் நிற்பதாகப் பிடிவாதம் பிடித்தேன்.

"மேல்மாடி யன்னலால பார்த்தா கப்பல் தெரியும் ஐயா. எனக்கு அது கண்ணுக்கு முன்னால நிக்க வேணும்."

பஞ்சாங்கத்தை மூடி வைத்தீர்கள். பிறகு, "சரி, கப்பலுக்குப் பக்கத்திலயே நில். ஆனா வெளிக்கிட்ட ஆள் பயணம் முடியாமல் படலைக்குள்ள திரும்பி வரக்கூடாது. ஓமோ?" என்றீர்கள்.

"ஓம் ஐயா" என்றேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சூலம், கரிநாள், ராகுகாலம் எதையும் நான் ஒருநாளும் நம்பியவனில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. காற்றில்லாத மழை. நம் பக்கத்து மூதூரிலிருந்து பட்டணத்துக்கு ஆள் ஏற்றும் லோஞ்சுப் படகு வழக்கம்போல ஓடியது, தேயிலை மட்டும் ஏறவில்லை. பெட்டிகளைப் படகில் கொண்டுபோய்க் கப்பலின் திறந்த வயிற்றுக்குள் இறக்க வேண்டும். ஒரு தூறல் விழுந்தாலும் மூடிவிடுவார்கள். புதன்கிழமை கப்பல் கம்பனிக் கந்தோரில் பயணச்சீட்டு எழுதும் கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, "ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி ஏலாது தம்பி. வீடு கிட்ட எண்டா போயிட்டு சனிக்கிழமை வாங்கோ" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் உங்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

வியாழக்கிழமை பகல் லோஞ்சுக்காரர் காசிம் காக்கா நனைந்த சாரத்தோடு லோட்ஜ் படியேறி வந்தார். "தம்பி, உங்கட ஐயா சொல்லி விட்டவர். மழை விடுமட்டும் வீட்ட வந்து நிண்டுட்டுப் போகட்டாம். நாள் கீள் ஒண்டும் பாக்க வேணாமாம். என்ர லோஞ்சிலயே ஏத்தி வரச் சொன்னவர்."

நாள் பார்க்காமல் மாட்டைக்கூட அவிழ்க்காத மனிதர் நீங்கள். அப்படிப்பட்டவர் சொல்லியனுப்பினீர்கள். நாள் பார்ப்பதையே நம்பாத நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வெளிக்கிட்ட ஆள் திரும்பக் கூடாதெண்டு அவர்தானே சொன்னவர், காக்கா. பிறகு பயணம் பிழைச்சுப் போகும். கப்பலும் எந்த நேரமும் வெளிக்கிடும். ஏலாதெண்டு சொல்லுங்கோ."

காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க படிச்ச ஆள், சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் ஐயா? திங்கட்கிழமை வீட்டு வாசல் படலையடியில் ஒருவரும் அழாமல் ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டோம். அதை இரண்டாம் முறை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. போனவன் நாலாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தால் ஊர் சிரிக்குமே என்ற வெட்கமும் இருந்தது. லோட்ஜில் பழைய டொக்கியார்ட் கூட்டாளிகள் வந்து கூடிவிட்டார்கள், கடதாசிச் சீட்டு விளையாட்டும் கதையுமாகப் பொழுது நன்றாகப் போயிற்று. அதையும் மறைக்கப் போவதில்லை. மூன்று நாளும் யன்னலால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த கதை. தெரியாத பாதியை அக்கா போன கிழமை சொன்னா. நான் வந்து இறங்கியதும் அவவின் முதல் பேச்சே, "என்ன, நல்ல நாள் பாத்தோ வந்தனீ?" என்பதுதான். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நீங்கள் வீட்டில் இருந்து சொல்லியனுப்பவில்லையாம். மூதூர் இறங்குதுறையில் குடையோடு நின்றீர்களாம். காசிம் காக்கா தனியே இறங்கி வந்து நான் சொன்னதைச் சொன்னாராம். "பொடியன் சொல்லுறது சரிதான். நான்தானே நாள் பாத்துக் குடுத்தனான்" என்று மட்டும் சொன்னீர்களாம். அப்படியும் மனம் கேளாமல் வெள்ளிக்கிழமையும் போய்க் கடைசி லோஞ்சு வரும்வரை நின்றுவிட்டு வந்தீர்களாம்.

"அண்டைக்குப் பிறகு ஐயா பஞ்சாங்கத்தைத் தொடேல்லை. விதைப்புக்கு நாள் கேட்டு வந்த சனத்தையும் திருப்பி அனுப்பிப்போட்டார். என்ர நாள்தான் என்ர பிள்ளையை வீட்டுக்கு வரவிடேல்லை எண்டு சொல்லுவார்" என்றா அக்கா. நான் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். நான் சீமைக்குப் போன அந்த வருஷத்துப் பஞ்சாங்கம்தான் கடைசி.

ஐயா, உங்கள் நாளில் ஒரு பிழையும் இல்லை. உங்களுக்கு விளங்கட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். வரவிடாதது நாளுமில்லை, கப்பலுமில்லை. நான்தான் வரவில்லை. என் கோழைத்தனத்துக்கு உங்கள் நம்பிக்கையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். சாகும்வரை அந்தப் பழியை நீங்கள் சுமந்தீர்கள். உங்களிடம் நாள் கேட்டு வந்து வெறுமனே திரும்பிப்போன ஊர்ச்சனமும் இதை அறிய வேண்டும் என்றுதான் கடித உறையை ஒட்டாமல் விடுகிறேன். திவசத்தன்று அக்கா எல்லாருக்கும் கேட்க வாசிப்பா.

நேற்றுக் கந்தோரில் இப்போதைய கிளாக்கர், வியாழக்கிழமைதான் கப்பல், மாரிக் கடலை நம்பேலாது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து நிற்பதுதான் புத்தி என்றார். நல்ல மனிதர், நியாயமாகத்தான் சொன்னார். லோஞ்சு ஓடாவிட்டால் கப்பல் போய்விடும், வேலையும் போகலாம்.

அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை விடியும்வரை உங்கள் வீட்டில்தான் நிற்பேன். அக்கா சமைத்ததைச் சாப்பிடுவேன். அவ ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். அழுகை வந்தால் படலையடியில் நின்று அழுதுவிட்டு வெளிக்கிடுவேன். கப்பல் தவறினால் தவறட்டும். இனி இந்தக் கரையில் எந்தக் கப்பலுக்காக நின்றாலும், வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும்படி வைக்க மாட்டேன். இது சத்தியம், ஐயா.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வந்திருக்கக்கூடிய,
உங்கள் கடைசி மகன்
நவம்