அச்சு முறுக்கு யார் வீட்டுப் பலகாரம்

கோவில்பட்டி
14-12-1998

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் அப்படியே படுத்துவிடுகிறாயோ என்று எந்நேரமும் உன் நினைப்புதான். இங்கே கர்த்தர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், சனிக்கிழமையில் இருந்து அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு குறை இல்லை. மழை பிந்திப் பெய்தாலும் நல்ல மழை, கரிசல் முழுக்கச் சேறு, இடைசெவல் மாமா பைக்கை ரோட்டோரம் விட்டுவிட்டுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறாராம், ஆனாலும் உளுந்து நன்றாக இருக்கிறது என்று முகமெல்லாம் சிரிப்பு.

கயத்தாற்றில் இருந்து உன்னைப் பெண் கேட்டு வந்த வாத்தியார் குடும்பம் ஏன் பேச்சை நிறுத்திவிட்டது என்று போனில் இரண்டு தடவை கேட்டாய், அப்பா பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். உன் எமியாள் அத்தைதான் காரணம். மாப்பிள்ளையின் அம்மாவைச் சர்ச் வாசலில் பிடித்து, பெண் தங்கமானவள்தான், ஆனால் அவள் அம்மா விளக்குப் பொருத்துகிற வீட்டில் பிறந்து கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள், ஒரு கிறிஸ்மஸ் பலகாரம் கூடச் சுடத் தெரியாது, தாய் வளர்ப்புதானே பிள்ளைக்கும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறாள், பொறுத்துக்கொண்டேன். உன்னைத் தொட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

நான் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்மசுக்கு எங்கள் இடைசெவல் பாசிப்பயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, ஆசை ஆசையாக ஒரு தாம்பாளம் முந்திரிக்கொத்து சுட்டு வைத்தேன். உன் அத்தை அந்தத் தாம்பாளத்தைக் கையால் கூடத் தொடவில்லை, காலால் தள்ளினாள். "இது அம்மன் கொடைக்குச் சுடுத பலகாரம்லா, ஏசு பெறந்த நாளைக்கு ஆகுமாட்டி?" என்று கேட்டுவிட்டு, அவ்வளவையும் மாட்டுத்தொட்டியில் கொட்டச் சொன்னாள், நான்தான் கொட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருசமும் எனக்கு மாவு இடிக்கிற வேலையும் சட்டி கழுவுகிற வேலையும்தான், அடுப்புக்கு முன்னால் உட்காருவது அவள் மட்டும். அதிரசத்தைச் சுட்டு அடுக்குவாள், அந்த அதிரசத்தை எந்தத் துரைசானி கொண்டுவந்தாள், நம் எல்லோருடைய தாத்தா பாட்டியும் வேதத்துக்கு வரும் முன்னால் சுட்டதுதானே என்று ஒருநாளும் நினைக்க மாட்டாள். அச்சு முறுக்குக்கு மட்டும் பெரிய வரலாறு சொல்லுவாள். மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானி ஊருக்குத் திரும்பும்போது, என் மாமியார் பக்தியைப் பார்த்து அந்தப் பூ அச்சைத் தன் கையாலேயே கொடுத்தாளாம், கோவில்பட்டிக்கே அச்சு முறுக்கு வந்தது எங்கள் வீட்டு வழியாகத்தானாம்.

அது பொய் என்று எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். நம் தெருவில் தையல் தைக்கிற நூருன்னிசா அக்கா ஒருதடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அவளுடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது, அங்கே இருந்த ஒரு பறங்கியர் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிச் சாமான்களை விற்றதாம், அதில் வாங்கிவந்த அச்சு அது. டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் சிலோனில் கொண்டுவந்து விட்ட பலகாரமாம், அங்கே அதற்குப் பேர் கொக்கிஸ். நூருன்னிசா அக்கா வீட்டார் பெருநாளைக்குச் சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், என் மாமியார் ஒரு கிறிஸ்மசுக்கு இரவல் வாங்கியது திரும்பிப் போகவே இல்லை. அதைக் கேட்ட அன்றைக்கு நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனசில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இந்த வருசம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சனிக்கிழமை பலகார விற்பனை வைத்தார்கள். நான்தான் போதகர் ஐயாவிடம் போய், சும்மா விற்பதை விட அவரவர் பலகாரம் எங்கிருந்து வந்தது என்று மைக்கில் ஆளுக்கு ரெண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்குமே என்றேன், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உன் அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அச்சைப் புளிபோட்டுத் தேய்த்து வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் நூருன்னிசா அக்காவைப் பலகாரம் வாங்க வாருங்கள் என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தேன், அவளிடம் வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவை இருக்கவில்லை. அத்தை துரைசானி கதையை விஸ்தாரமாகச் சொல்லி முடித்து அச்சைத் தூக்கிக் காட்டினாள். நூருன்னிசா அக்கா எழுந்து போய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எமியாக்கா, இது எங்க வீட்டு அச்சுல்லா. இந்தா ஒரு இதழு மூளியா இருக்கே, எங்க அண்ணன் கீழ போட்டு ஒடச்சது."

அத்தை அது இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "நாப்பது வருசமா கேக்காதவ இன்னைக்கு என்னத்துக்குக் கேக்குத?" என்றாள். மைக் அவள் பக்கத்திலேயே இருந்தது.

"கேட்டோம்க்கா. தொலஞ்சு போச்சுன்னு ஒங்கம்மை சொன்னாவ" என்றாள் நூருன்னிசா அக்கா. கோபமாகக் கூடச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் நன்றாகப் போய்த் தைத்தது.

போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். நான் அத்தைக்கு நேரே போய் நின்று, "மதினி, பக்கத்து வீட்டுச் சாமான வச்சு முறுக்கு சுட்டா மட்டும் ஏசு ஏத்துக்கிடுவாரா?" என்று கேட்டேன். அது போதும் எனக்கு. அவள் பக்க வாசல் வழியாகப் போய்விட்டாள், அச்சை நூருன்னிசா அக்கா முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

நேற்று ஆராதனைக்கு அத்தை வரவில்லை. அழுதுகொண்டே கிடக்கிறாள், கஞ்சி கூடக் குடிக்கவில்லை என்று அவள் மருமகள் வந்து சொன்னாள். நான் தொட்டியடியில் நின்று அழுததை அன்றைக்கு யாரும் போய் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பேசியது ஒரே ஒரு வார்த்தைதான், "எங்க அம்மையச் சபையில வச்சுக் களவாணி ஆக்கிட்டியே" என்று. அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செத்துப்போனவரை நான் இழுக்கவில்லை, அவர் பேரில் பொய் சொல்லிப் பெருமை தேடியவள்தான் இழுத்தாள்.

கயத்தாற்றுக்காரர்கள் சபையில் நடந்ததைக் கேள்விப்பட்டு, பொங்கல் கழிந்து மறுபடி வரலாமா என்று கேட்டு ஆள் விட்டிருக்கிறார்கள். அத்தை சொன்ன ஒரு சொல்லுக்கு எழுந்து போனவர்கள், நாளைக்கு இன்னொருத்தி சொன்னால் உன்னை வீட்டை விட்டு அனுப்புவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தால் மட்டும் மறைக்காமல் எழுது, உனக்காக இறங்கிப் போவேன், வேறு யாருக்காகவும் மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை நனைத்துக்கொண்டு ஏசியில் படுக்காதே, கழுத்துச் சங்கிலியை யாருக்கும் இரவல் கொடுக்காதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், உன் கையில் மருந்து வாங்குகிற ஒவ்வொருத்தரும் உன்னை வாழ்த்தட்டும். கிறிஸ்மஸ் அன்றைக்கு அத்தைக்கும் போன் பண்ணு, பெரியவள், மரியாதையாகவே பேசு. ஆனால் எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே, கேட்டாய் என்று தெரிந்தால் உன்னிடமும் பேச மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வெள்ளைத்தாய்