பாதி என்று சொல்ல ஆளில்லை

மச்சான்,

காலையிலிருந்து மழை. சிட்லபாக்கம் ஏரி எழுந்து ரோட்டைத் தாண்டி வந்து வீடு வீடாக நலம் விசாரித்துவிட்டுப் போகும் போலிருந்தது. பின்பக்கம் இருக்கிற வாஷிங் மெஷின் நனையக் கூடாது என்று என் வீட்டுக்காரி பழைய பேனர் ஒன்றை அதன்மேல் போர்த்தி, மூலைக்கு மூலை செங்கல் வைத்திருந்தாள். மழை விட்டதா என்று பார்க்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஃப்ளெக்ஸ் ஷீட் நனைந்தால் ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி, ரப்பரும் பெயிண்ட்டும் கலந்த வாசனை. ஒரு காலத்தில் எனக்கு அதுதான் மல்லிகைப்பூ. ஷீட்டில் நான் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் கூலிங் கிளாஸ், காதில் செல்போன், மூக்கின் மேல் ஒரு செங்கல்.

நீ இருந்திருந்தால் அந்தச் செங்கலை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

உன்னை எனக்குக் கிடைக்கச் செய்தது தாம்பரம் ஸ்டேஷன். பீச் போகிற வண்டி வேகம் எடுத்துவிட்டது. நீ டிபன் பாக்ஸோடு பிளாட்பாரத்தில் ஓடி வருகிறாய். நான் ஒரே கையால் உன்னைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டேன். இதை நான் சொல்லாத கல்யாண மண்டபம் கிடையாது. சொல்லி முடிக்கிற இடத்தில், பக்கத்தில் டீயை ஊதிக்கொண்டிருக்கிற நீ மெதுவாக, "பாதி" என்பாய். ஒரே வார்த்தை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"என்னடா பாதி?" என்று நான் பாய்வேன்.

"வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு. ஆனா கை குடுத்தான். அது நெசம்."

கிண்டியில் ஆபீஸ் உத்தியோகம் உனக்கு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு லீவு கொடுத்தவன், திருமுடிவாக்கத்தில் கிரில் கேட் அடிக்கிற பட்டறை வைத்தவன். நமக்குள் என்ன பொருத்தம் என்று உன் ஆபீஸ்காரர்களுக்குப் புரியவே இல்லை. பொருத்தம் இதுதான். நான் கூட்டிச் சொல்வேன், நீ கழித்துக் கேட்பாய்.

ஐம்பதைத் தாண்டினால் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குக் கொதிப்பு வரும். எனக்கு வந்தது மேடை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கோயில் விசேஷம் எதுவானாலும் முன்வரிசையில் நான், தோளில் ஒரு சால்வை, வாசலில் பேனரில் என் முகம். பல்லாவரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் நான் சிரிக்காத முச்சந்தி கிடையாது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பேனர் அடிக்கிற கடையின் கம்ப்யூட்டரில் என் போட்டோ நிரந்தரமாகக் குடியிருந்தது. போன் போட்டு, "நம்ம போட்டோ போட்டுடுப்பா" என்றால் முடிந்தது. அந்தப் போட்டோவில் காதில் வைத்திருக்கிற செல்போன்கூடக் கடைக்காரருடையது. சார்ஜ் போய்ச் செத்துக் கிடந்ததை வாங்கிக் காதில் வைத்தேன். போனில் யார் என்று கேட்டவர்களிடம் டெல்லி என்றேன். அதற்கு நீ பாதி என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாய்.

'சிட்லபாக்கத்தின் சிங்கமே வருக' என்று ஒரு பேனர் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? வைத்தார்கள் என்ன, நான்தான் வைத்தேன். அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய்.

"இங்க ஏரி இருக்கு. கொசு இருக்கு. சிங்கம் எங்கடா இருக்கு?"

"பொறாமைடா உனக்கு."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

அந்த வருஷம்தான் நீ ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைக்க ஆரம்பித்தாய். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பதவியை விட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் கூப்பிட்டால் போவதில்லை என்றாய். பக்கத்து வீட்டு முருங்கைக்கிளை உன் மாடியில் நீட்டியதற்காக அத்தனை வருஷம் பேசாமல் இருந்தாயே, ஒருநாள் நீயே போய், "காய் நல்லா காய்ச்சிருக்கே சார்" என்று பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன மச்சான், காவி துணி எடுத்தாச்சா?"

"அதெல்லாம் இல்லடா. தூக்கிட்டே இருந்ததுல கை மரத்துப் போச்சு. எறக்கி வெச்சுப் பாக்கறேன்."

"எறக்கி வெச்சுட்டு?"

"ஒரு ஞாயித்துக்கெழமை கோவளம் போலாம், நீயும் நானும். உன் ஸ்கூட்டர்லயே போலாம். மீன்பிடி போட்டு கரைக்கு வர்றதைப் பாக்கலாம். நெத்திலி வாங்கி அங்கயே பொரிச்சுத் தரச் சொல்லித் தின்னலாம். போனை மட்டும் வீட்ல வெச்சுட்டு வா."

"அங்க யார் வீட்டு விசேஷம்?"

"யார் வீட்டு விசேஷமும் இல்ல."

"விசேஷம் இல்லாத ஊருக்கு எதுக்குடா போகணும்?" என்று கேட்டேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன், மச்சான்.

அது தை மாசம். தையில் ஞாயிறு என்றால் முகூர்த்தம். பங்குனியிலும் முகூர்த்தம், வைகாசியில் கேட்கவே வேண்டாம். "ஆடில போலாம். ஆடில எவனும் கல்யாணம் வெக்க மாட்டான்" என்றேன். ஆடி வந்தது. கல்யாணம் இல்லைதான், ஆனால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஊற்றுகிற தெருவில் எல்லாம் நான் பேனரில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ஆவணி பிறந்ததும் பழையபடி மண்டபம்.

"மார்கழி மச்சான். மார்கழில ஒண்ணும் கிடையாது. சத்தியமா மார்கழி."

"ஐயப்ப பூஜைன்னு ஒண்ணு வெச்சிருப்பியேடா" என்று சிரித்தாய். ஆனால் பாதி என்று சொல்லவில்லை. அந்தச் சத்தியத்தை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டாய். இப்போது அதுதான் குத்துகிறது.

கார்த்திகையில் போய்விட்டாய்.

கீழ்க்கட்டளையில் ஒரு கிரகப்பிரவேசத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி போனில், "ஏங்க, அண்ணனுக்கு நெஞ்சுவலின்னு கூட்டிட்டுப் போனாங்களாம். ஆட்டோலயே முடிஞ்சுடுச்சாம். சீக்கிரம் வாங்க" என்றாள். வந்தேன். வந்து என்ன செய்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஐஸ் பெட்டிக்கு ஒரு போன், பந்தலுக்கு ஒரு போன், நாற்காலிக்கு, மாலைக்கு, மேளத்துக்கு. வாசலில் நின்று, வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றேன். உன் சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "யோவ், சாவு வீட்டுல யாரையாவது வாங்கன்னு கூப்புடுவாங்களா?" என்றார். எனக்குத் தெரியாதா என்ன? மண்டபத்து வாசலிலேயே நின்று நின்று வாய் அப்படிப் பழகிவிட்டது. உன் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. உன் காலைத் தொடவில்லை.

பேனர் கடைக்கும் ஒரு போன் போட்டிருந்தேன். "கண்ணீர் அஞ்சலி. பெருசா அடி. நம்ம போட்டோ போட்டுடு." இதுவும் வாய் தானாகச் சொன்னதுதான்.

மத்தியானம் பேனர் வந்தது. கடைக்காரர் எப்போதும் போடுகிற டிசைனையே எடுத்து, ஓரத்தை மட்டும் கறுப்பாக்கி அனுப்பிவிட்டார். வாசலில் கட்டினார்கள். இடது பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் நான், கூலிங் கிளாஸும் செல்போனுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. என் தோளுக்குக் கீழே, உன் ஆபீஸ் அட்டையிலிருந்து எடுத்த படம், தபால்தலை மாதிரி. அண்ணாந்து பார்த்தபோது முதலில் எனக்குத் தோன்றியது, கலர் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான். அதற்கப்புறம்தான் மற்றது.

சடங்குக்காகத் தங்கச்சியை வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். உன் மனைவியை நான் வேறு எப்படிக் கூப்பிட்டேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து தங்கச்சிதானே. அழுது அழுது கண் மங்கியிருந்தது அவளுக்கு. தலையைத் தூக்கி அந்தப் பேனரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அண்ணா, இதுல அவரு எங்கண்ணா இருக்காரு?"

குத்திக் காட்டவில்லை, மச்சான். குத்தியிருந்தால் தேவலை. நிஜமாகவே தேடினாள். நான் விரலை நீட்டி, "இதோம்மா" என்று காட்டினேன்.

அடுத்த நிமிஷம் பந்தல் கம்பத்தில் விறுவிறுவென்று ஏறிக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். சரி, நாற்காலி போட்டுத்தான் ஏறினேன், அதை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பேனரைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டேன்.

அன்றோடு எல்லாவற்றையும் விட்டொழித்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. நீ என்ன சொல்வாய் என்று தெரியும், ஆனால் அந்தப் பாதிகூட இங்கே நிஜமில்லை. கடையில் போய், "என் போட்டோவைக் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்துடுப்பா" என்றேன்.

"இன்னா சார், வூட்ல எதுனா பேஜாரா?"

"இல்லப்பா, போதும்."

"அப்போ புது போட்டோ புட்சுக்கலாம் சார். கோட்டு ஒண்ணு கீது, போட்டுக்க."

கோட்டு என்றதும் ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தையில் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். பிடிவாதமாக மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேடையில் யாருக்கோ சால்வை போட்டார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் நீ செத்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. எப்பேர்ப்பட்ட வியாதி பார். பேனருக்கு முகம் கொடுக்காதவனுக்குப் பத்திரிகையும் மெல்ல மெல்லக் குறைந்தது. போன் அடிப்பது நின்றது. நீ கேட்ட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன, முழுசு முழுசாக. யாருக்குக் கொடுப்பது?

ஆனால் அந்தத் தை பிறப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மார்கழியில் நீ சொன்ன மாதிரியே ஐயப்ப பூஜைக்கு ஆள் அனுப்பினார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு, போனை டிவி மேல் வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். கரையில் ஒரு அம்மா அடுப்பு மூட்டி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, திருமுடிவாக்கத்துல பெரிய ஃபேக்டரி இருக்கே, அது நம்முளுதுதான்."

"கொஞ்சம் நவுந்து நில்லு சார், அடுப்புக்குக் காத்து வரல" என்றாள்.

நகர்ந்து நின்றேன். அப்போதுதான் உறைத்தது. நான் சொல்வதை ஊரில் பாதிப்பேர் அப்படியே கேட்டுக்கொண்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். மீதிப்பேர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நீ ஒருவன்தான் உட்கார்ந்து கேட்டு, பொய்யை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை நம்பினாய். கை கொடுத்தான், அது நிஜம் என்றாயே. அந்த மிச்சம்தான் நான். உனக்குத் தெரிந்த அந்த ஆள் போதும் என்று இருந்திருக்கலாம் நான்.

"ஒரு தட்டா சார்?"

"ரெண்டு தட்டு போடும்மா."

போட்டு ஒன்று கரையேறியது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். அவ்வளவுதான், நீ பார்க்க வேண்டும் என்று சொன்னது. யாரும் யாரையும் வருக வருக என்று கூப்பிடவில்லை.

"அந்தத் தட்டு ஆறிப்போச்சே சார். கூட வர்றவரு எப்ப வருவாரு?"

"அவர் சொன்ன நேரத்துக்கு ரெடியாத்தாம்மா இருந்தாரு. நான்தான் லேட்டு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. தட்டை மூடி வைத்தாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஞாயிறு காலையில் நானும் என் வீட்டுக்காரியும் உன் வீட்டுக்குப் போகிறோம். போன வாரம், ஏரி நிறைந்து தண்ணீர் என் கழுத்துக்கு வந்துவிட்டது என்று கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி காபி ஆற்றிக்கொண்டே, "பாதிண்ணா" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் நானே, "முழங்காலுக்கும் கீழதாம்மா" என்றேன். நீ போன பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மழை சற்று முன்தான் விட்டது. மெஷின் மேல் கிடந்தது அந்தப் பேனர்தான், மச்சான். பரணில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறாள், அவள் விரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். உன் படம் பின்பக்க மடிப்பில் இருந்தது, ஒரு ஓரம் நனைந்து. செங்கல்களை எடுத்தேன். ஷீட்டைத் துடைத்து, திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போர்த்தினேன். நான் எங்கும் தெரியவில்லை. நீ உள்பக்கம் நனையாமல் இருக்கிறாய். அடுத்த மழையும் வரட்டும்.

இந்த மடலிலும் பல இடத்தில் கூட்டித்தான் எழுதியிருப்பேன். படிக்கும்போது நீயே கழித்துக்கொள். ரெண்டு தட்டு வாங்கினேன் என்றதை மட்டும் அப்படியே விட்டுவிடு.